உள்ளே வரும் பந்து

பந்து சுவரைத் தாண்டிப் பக்கத்து நூல் மில்லின் தகரக் கூரையில் போய் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கோகிலவாணி முதலில் தன் கைகளைத்தான் பார்த்தாள். கை அவளுடைய கைதான். ஆனால் இப்படி ஓர் அடியை அந்தக் கைகள் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லை.

"அம்மிணி! மறுக்கா, மறுக்கா!" என்று குதித்தார் செல்லமுத்து சார். கோவை மகளிர் பேஸ்பால் அணியின் பயிற்சியாளர். வயது ஐம்பத்தைந்து, முழங்காலுக்குத் தினமும் தைலம் தேய்க்கிறவர். அதையெல்லாம் மறந்துவிட்டுக் குதித்தார்.

அவர் குதித்ததில் நியாயம் இருந்தது. நம் ஊரில் பேஸ்பாலுக்கு வருகிற எல்லாப் பெண்களையும் போலக் கோகிலவாணியும் கிரிக்கெட்டில் ஊறிப்போய்த்தான் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் ஆடிய முதல் ஆட்டத்தில் அருமையாக ஒரு பந்தை அடித்துவிட்டு, மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி, காலை வைக்க வேண்டிய பேஸில் மட்டையைத் தேய்த்து நீட்டி அவுட்டானவள் அவள். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட நான்கே நாளில் பழகிக்கொண்டாள். ஸ்விங்கைத்தான் மாற்ற முடியவில்லை. கிரிக்கெட்டில் முழங்கையைத் தூக்கி, மட்டையை நேராக இறக்கி ஆடலாம். பேஸ்பாலில் உடம்பே திருகித் திரும்ப வேண்டும். முதலில் முன்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையும் மட்டையும். இவளுக்கோ கை முந்திக்கொள்ளும். அவசரக்காரி கை.

இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு மூன்று முறை தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். மூன்று முறையும் தேர்வாளர் அம்மா அதே பேச்சைத்தான் பேசினார். "கேட்சிங் பிரமாதம். மட்டைதான்..." என்று இழுத்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார். நான்கு தடவைக்கு மேல் ஒருவரை அழைப்பதில்லை என்பது அங்கே வழக்கம். நான்காவது தடவையாக, மாநில இறுதிப் போட்டியிலேயே தேர்வு நடக்கப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் மட்டையால் பேசுகிற ஒருத்திக்கு முகாமில் ஓர் இடம். ஒரே இடம். அதற்கு ஏழு வாரம் இருக்கும்போதுதான் சட்டை வந்தது.

சட்டையைக் கொண்டுவந்தவள் ஷர்மிளா. 'சீர்கதி' என்ற நிறுவனத்தின் பொறியாளர். உடம்போடு ஒட்டிக்கொள்கிற, மணிக்கட்டிலிருந்து இடுப்பு வரைக்கும் வருகிற கறுப்புச் சட்டை ஒன்பதை மேசைமேல் வரிசையாக விரித்து வைத்தாள்.

"இதுக்குள்ள மெல்லிசா நானூறு கம்பி ஓடுது. நீங்க மட்டையைச் சுத்தும்போது எந்தத் தசை எப்போ வேலை செய்யணுமோ, அந்த நேரத்துல சட்டை அதைச் சின்னதா சுண்டிவிடும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தினம் ரெண்டு மணி நேரம், ஆறு வாரம். அப்புறம் சட்டையைக் கழட்டிடலாம். உடம்பு மறக்காது."

"மேட்ச்சுல போட்டுக்கலாமுங்களா மேடம்?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"கூடாது. தேவையும் இல்லை. சைக்கிள் கத்துக்கிட்ட பிறகு யாராவது பின்னால பிடிச்சுக்கிட்டே வரணுமா?"

"இது யாரோட ஸ்விங்குங்க?" என்று கேட்டாள் ரஷீதா. அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள். அவள் வீச, ஐந்து வருடமாக அதைப் பிடிக்கிற கேட்சர் கோகிலவாணி. இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள்.

"தனியா யாரோடதும் இல்லை. ஆயிரம் பேரை அளந்து எடுத்த சராசரி," என்றாள் ஷர்மிளா.

எறும்பு ஊர்ந்தது. முதல் வாரம் பெண்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்தே மட்டையைத் தவறவிட்டார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. மூன்றாவது வாரம் பந்துகள் காணாமல் போகத் தொடங்கின. ஷர்மிளாவின் கைப்பலகைத் திரையில் ஒவ்வொரு ஸ்விங்குக்கும் நூற்றுக்கு இத்தனை பொருத்தம் என்று எண் விழும். கோகிலவாணிக்கு எழுபது, எண்பத்தைந்து என்று ஏறித் தொண்ணூற்றேழில் வந்து நின்றது. ஜாதகத்தில்கூட இவ்வளவு பொருத்தம் கிடைக்காது என்று செல்லமுத்து சார் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. கை முந்தவில்லை. இடுப்பு திரும்பி, அது முடிகிற இடத்தில் தோள் கிளம்பி, மட்டை சாட்டை மாதிரி வந்தது. அடித்த பந்தின் அதிர்ச்சி கையில் ஏறவே இல்லை. காலையில் பல் துலக்கும்போதும் அதே நினைப்பு. இத்தனை நாள் இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நான்காவது வாரத்தில் ஒரு வேடிக்கை முளைத்தது. பந்து வருவதற்குச் சற்று முன்னால், மட்டையைப் பிடித்திருக்கிற வலது கை ஒரு கணம் விட்டுப் பிரிந்து, கட்டை விரல் நெஞ்சில் கீழே ஓர் இழுப்பு, குறுக்கே ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி மட்டைக்கு ஓடிவிடும். கண் சிமிட்டுகிற நேரம்தான். ஒன்பது பேருக்கும் அப்படியே.

"நேத்து தோசைத் திருப்பிய ரெண்டு கையில புடிச்சுட்டு நின்னேன்டி," என்றாள் ரஷீதா. "உடனே விரலு நெஞ்சுக்குப் போகுது. எங்கம்மா பாத்துட்டு, 'என்னடி, பூச்சி கீச்சி கடிச்சுதா'ன்னு சட்டையை ஒதறச் சொல்றாங்க."

ஷர்மிளா அதைக் கேட்டுச் சிரித்தாள். "சின்னத் தசைத் துடிப்புதான். நாளாக ஆகப் போயிடும்."

அது போகவில்லை. ஆனால் பந்துகள் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தபோது ஒரு விரலைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

இறுதிப் போட்டி திண்டுக்கல்லில், ஒரு கல்லூரி மைதானத்தில். காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர் அணி தூத்துக்குடி. ஷாமியானா பந்தலுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியோடு தேர்வாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஷர்மிளா. மைதானத்தைச் சுற்றிக் கம்பங்களில், ஒவ்வொரு ஸ்விங்கையும் அளக்கிற அவளுடைய கேமராக்கள்.

தூத்துக்குடியின் பிட்சர் பெயர் டெல்பின் மச்சாது. இருபத்தைந்து வயது, ஒல்லியான, நெடுநெடுவென்ற பெண். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ரஷீதாவே அவளைவிட வேகமாக வீசுவாள். முதல் இன்னிங்ஸில் அவளைப் பார்த்துவிட்டுச் செல்லமுத்து சார், "இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலயே கதை முடிஞ்சுரும் கண்ணு," என்றார்.

முடியவில்லை. கோவையின் முதல் மூன்று பேரும் வரிசையாக அவுட்டானார்கள். அடுத்த மூன்று பேரும் அப்படியே. டெல்பின் ஒரே இடத்தில்தான் பந்தைப் போட்டாள். மட்டை பிடிக்கிறவளின் விலாவை உரசுவது போல, உள்ளே, கொஞ்சம் உயரமாக. அந்தப் பந்து வந்ததும் ஒன்பது பேருடைய இடது தோளும், வெந்நீரைத் தொட்டது போல, ஒரு நூலிழை முன்னதாகவே வெளியே திரும்பிவிட்டது. தோள் ஓடினால் மட்டையும் கூடவே ஓடும். பந்து மட்டைக்கு அடியில் நழுவிப் போகும்.

கோகிலவாணி முதல் முறை மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது மூன்று பந்தையும் தவறவிட்டு, அவுட். "ஸ்விங் தொண்ணூத்தேழுதான் காட்டுது. ஒரு குறையும் இல்லை," என்றாள் ஷர்மிளா புரியாமல். தொண்ணூற்றேழு பொருத்தத்தோடு தவறவிடுவது எப்படி என்று செல்லமுத்து சாருக்கும் புரியவில்லை. தேர்வாளர் அம்மா தாளில் எதுவும் எழுதவில்லை என்பதைக் கோகிலவாணி கவனித்தாள்.

நான்காவது இன்னிங்ஸில் இரண்டாவது முறை மட்டையோடு நின்றாள். டெல்பின் பந்தைக் கையுறைக்குள் சுழற்றிக்கொண்டிருந்தாள். கோகிலவாணியின் கட்டை விரல் வழக்கம்போல நெஞ்சுக்குப் போனது. கீழே ஓர் இழுப்பு, குறுக்கே ஓர் இழுப்பு.

பதினெட்டு மீட்டர் தூரத்தில், அதே கணத்தில், டெல்பினின் கட்டை விரலும் அவள் நெஞ்சில் அதையே செய்தது.

கோகிலவாணிக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. இத்தனை நாள் தசைத் துடிப்பு என்று நினைத்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அது சிலுவை. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பெண் பந்துக்கு முன்னால் போட்டுக்கொள்கிற குட்டிச் சிலுவையை, கோவையில் ஒன்பது பெண்கள் மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இந்த யோசனையிலேயே இன்னொரு தடவை மூன்று பந்தும் போய்விட்டது.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும், வெயிலுக்காக நடுவர்கள் கால் மணி நேரம் இடைவேளை விட்டார்கள். தூத்துக்குடி ஒரு ரன் எடுத்திருந்தது, கோவை பூஜ்ஜியம். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் டெல்பின் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் கோகிலவாணி. "அந்த விரலு..."

டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மெதுவாகச் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியா? இன்னைக்குக் காலைல இருந்து ஒங்க ஒம்பது பேரும் போடுததப் பாத்துட்டு நிக்கேன். எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல."

"ஆயிரம் பேரோட சராசரின்னு சொன்னாங்களே அக்கா."

"அந்த ஆயிரம் பேரும் நாந்தாம்ட்டி." டெல்பின் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "பதினோரு நாளு. சட்டையப் போட்டு நாலாயிரம் தடவ சுத்த வச்சுப் பதிஞ்சாவ. ஒன் ஸ்விங்க ஊரே ஆடும்னு சொன்னாவ. எனக்குப் பெருமை தாங்கல. நாப்பது பக்கம் இங்கிலீசு, கடைசில கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து ஒருத்தர்ட்ட குடுத்துப் படிக்கச் சொன்னப்பதான் தெரியுது, இனிமே போட்டில நான் அந்த ஸ்விங்க ஆடக் கூடாதாம். அது அவுக சொத்தாம்."

"வேற மாதிரி சுத்தலாமில்லீங்க?"

"எனக்கு வேற தெரியாதே. பத்து வயசுல இருந்து அது ஒண்ணுதான்." டெல்பின் பந்து போடுகிற கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் காய்த்திருந்தன. "அதான் பிட்சராயிட்டேன். பிட்சரு மட்ட புடிக்காண்டாம்லா."

அது பேஸ்பாலில் உள்ள ஒரு சலுகை. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க வேறொருத்தியை வைத்துக்கொள்ளலாம். கோவை அணியில் ரஷீதா தானே மட்டை பிடிப்பாள். தூத்துக்குடி அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டது எதற்கு என்று இப்போதுதான் கோகிலவாணிக்கு விளங்கியது.

"சரி, அந்தத் தோளு? உள்ள வர்ற பந்துக்கு ஏனுங்க ஓடுது?"

டெல்பின் இடது கைச் சட்டையை மேலே தூக்கினாள். முழங்கையில் கோணலாக ஒரு தழும்பு. "பதினேழு வயசுல பட்டது. மூணு மாசம் கட்டுப் போட்டுக் கெடந்தேன். அதுல இருந்து உள்ள வந்துச்சுன்னா தோளு ஓடிரும், நான் சொன்னாலும் நிக்காது. சட்டைக்காரவுகளுக்கு அது பயம்னு தெரியல. ஸ்டைலுன்னு நெனச்சுச் சேத்துப் பதிஞ்சிட்டாவ." பிறகு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னாள். "அடுத்த தடவையும் அங்கதான் போடுவேன். தெரிஞ்சுக்கிட்டும் ஒன்னால ஒண்ணும் பண்ண முடியாது. எட்டு வருசமா எனக்கே முடியல."

அவள் போன பிறகும் கோகிலவாணி அங்கேயே நின்றாள். முதலில் வந்தது கோபம். பொய் சொன்ன ஷர்மிளாமேல் கோபம். படிக்காமல் கையெழுத்துப் போட்ட டெல்பின்மேல் கோபம். பிறகு, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல அது சுர்ரென்று அடங்கி, ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. என்னை எந்தப் பந்தும் அடிக்கவில்லையே. என் முழங்கை முழுசாக இருக்கிறதே. பின்னே என் தோள் எதற்கு ஓட வேண்டும்?

ஏழாவது இன்னிங்ஸ். கடைசி. கோவைக்கு இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் எப்படியோ பேஸ்களில் நின்றிருந்தார்கள், ஒருத்தி முதலாவதில், ஒருத்தி மூன்றாவதில். கோகிலவாணி மட்டையோடு நடந்து வந்தாள். பந்தலுக்குக் கீழே தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்.

முதல் பந்து உள்ளே வந்தது. தோள் ஓடியது. ஸ்ட்ரைக்.

அவள் அரையடி முன்னால், பந்து வருகிற வழிக்கு நெருக்கமாக நகர்ந்து நின்றாள். "அம்மிணி, பட்டுருமுங்க!" என்று செல்லமுத்து சார் அலறினார். பட்டால் படட்டும் என்று இருந்தது அவளுக்கு.

இரண்டாவது பந்து. தோள் பாதி ஓடி, பாதி நின்றது. பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் திரும்பி அவளுடைய முன்காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பில் நச்சென்று அடித்தது. கண்ணுக்குள் மின்னியது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அதுவும் தவறவிட்டதாகவே கணக்கு. இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று தவறினால் ஆட்டமும் முகாமும் முடிந்தது.

வலி கொதித்து, மெல்ல இறங்கியது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்குத்தானா ஆறு வாரமாக இன்னொருத்தியின் பயத்தைத் தூக்கிச் சுமந்தோம்? அவள் மறுபடி அதே இடத்தில், அதே நெருக்கத்தில் நின்றாள்.

மூன்றாவது பந்தும் உள்ளேதான் வந்தது. முன்கால் ஊன்றியது. இடுப்பு திரும்பியது. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது, முறை வரட்டும் என்று காத்திருந்தது, முறை வந்ததும் போனது. மட்டை பந்தைச் சந்தித்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பந்து தாழ்வாகப் பறந்து, தூரத்துச் சுவரில் மோதித் திரும்பியது. இரண்டு பேர் ஓடி உள்ளே வந்தார்கள். கோவை இரண்டு, தூத்துக்குடி ஒன்று!

இரண்டாவது பேஸில் நின்று கோகிலவாணி கையைத் தூக்கிக் கத்தினாள். கத்திக்கொண்டே டெல்பினைப் பார்த்தாள். ரன் கொடுத்த பிட்சர் தலையில் அல்லவா கை வைத்திருக்க வேண்டும்? டெல்பின் வாயைத் திறந்தபடி, கோகிலவாணியின் இடது தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தவள் அவுட்டானாள். இனி தூத்துக்குடி ஆட வேண்டும். கோகிலவாணி கேட்சர் உடுப்பை மாட்டிக்கொண்டு மட்டை பிடிக்கிற இடத்துக்குப் பின்னால் குந்தினாள். ரஷீதா வெறியோடு வீசினாள். இரண்டு பேர் அவுட், ஒருத்தி முதல் பேஸில். இன்னும் ஒரே ஒரு அவுட். பந்தலில் தேர்வாளர் அம்மா பேனாவை எடுத்துவிட்டார், அதையும் கோகிலவாணி பார்த்தாள். மூன்று வருடமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட பேனா அது.

அப்போது தூத்துக்குடிப் பக்கத்தில் ஏதோ சலசலப்பு. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க வேண்டியவள் எழுந்து, பிறகு உட்கார்ந்தாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு டெல்பின் மச்சாது வந்தாள்.

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். சலுகையை விட்டுக்கொடுத்துப் பிட்சரே மட்டை பிடிப்பதில் தடை ஒன்றும் இல்லை. ஷர்மிளாதான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கம்பி வேலி வரைக்கும் ஓடி வந்தாள்.

"டெல்பின்! ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். எழுதிக்கோங்க," என்றாள் டெல்பின், திரும்பிப் பார்க்காமல்.

அவள் மட்டையைத் தோளுக்கு உயர்த்தினாள். கட்டை விரல் நெஞ்சுக்குப் போய் வந்தது. அந்த நிற்கும் தோரணையை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தபோது கோகிலவாணிக்குத் தன்னையே பின்னாலிருந்து பார்ப்பது போல் இருந்தது.

"அக்கா, உள்ளதான் போடச் சொல்லுவேன்," என்றாள் மெதுவாக.

"சொல்லு. வேற எங்கயாவது போடச் சொன்ன, ஒன்ன மன்னிக்க மாட்டேன்."

ரஷீதா உள்ளே போட்டாள். டெல்பினின் தோள் ஓடியது. ஸ்ட்ரைக். அடுத்ததும் உள்ளே. தோள் ஓடியது, மட்டை காற்றைக் கிழித்தது. இரண்டு ஸ்ட்ரைக். கோவைப் பெண்கள் கைதட்டிக் கத்தத் தொடங்கினார்கள்.

டெல்பின் ஓரடி விலகி நின்று மூச்சு வாங்கினாள். குனிந்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பவள் போல, கோகிலவாணியின் காதுக்கு அருகில் வந்தாள்.

"எப்பிடிட்டி நின்ன?"

கோகிலவாணி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இன்னொரு உள்பந்து, இன்னொரு ஸ்ட்ரைக், கோப்பை, முகாம், எல்லாம் அவள் மடியில் விழுந்திருக்கும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கழுவித் துடைத்து, ஒரு கை சர்க்கரையாவது உள்ளே போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆறு வாரமாக இந்தப் பெண்ணின் பொருளை வைத்து ஆடிவிட்டு, அதில் இருந்த ஓட்டையை எப்படி அடைத்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றால், அது என்ன நியாயம்?

"இன்னும் அரையடி கிட்ட நில்லுங்க," என்றாள். "ஓடாதேன்னு தோளுகிட்டச் சொல்லாதீங்க, அது கேக்காது. பட்டா படட்டும்னு சொல்லுங்க. என்ற காலுல இப்பத்தான் பட்டுது. வலிக்குது அக்கா, நெசமாவே வலிக்குது. ஆனா அவ்வளவுதான்."

டெல்பின் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போய் நின்றாள். அரையடி கிட்டே.

கோகிலவாணி ரஷீதாவுக்குச் சைகை காட்டினாள். உள்ளே. அதில் அவள் ஏமாற்றவில்லை. ரஷீதா தன் வாழ்நாளிலேயே சிறந்த பந்தைப் போட்டாள், விலாவை உரசுகிற பந்து, ஒரு விரல்கூடப் பிசகாமல். பிடிப்பதற்காக நீட்டிய கையுறைக்குள் அது வந்து சேரவில்லை. தலைக்கு மேலே ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம். முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தபோது பந்து வானத்தில் ஒரு பொட்டாக இருந்தது. சுவரைத் தாண்டி, அதற்கு அப்பால் இருந்த வேப்பமரங்களையும் தாண்டிப் போனது.

தூத்துக்குடி மூன்று, கோவை இரண்டு. ஆட்டம் முடிந்தது.

டெல்பின் ஓடவில்லை. அழுதுகொண்டே நடந்தாள், நான்கு பேஸையும் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு. அவள் சுற்றி வந்து சேர்ந்தபோது கோகிலவாணியும் அழுதுகொண்டிருந்தாள். தோற்றதற்கு அழுதாளா, அந்த அடியைப் பார்த்ததற்கு அழுதாளா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. உடம்பெல்லாம் அவளுக்குச் சிலிர்த்துப் போயிருந்தது.

ஷர்மிளா கைப்பலகையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தேர்வாளர் அம்மாவும் கூடவே வந்தார்.

"உங்க ஒப்பந்தப்படி இந்தப் பெண் மட்டை பிடிக்கலாமா, கூடாதா? எனக்கு இப்பவே தெரியணும்," என்றார் தேர்வாளர்.

ஷர்மிளா திரையைப் பெரிதாக்கினாள், மறுபடி சிறிதாக்கினாள். "தொண்ணூறுக்கு மேல பொருந்தினாத்தான் அது எங்களோட பதிவு. முதல் ரெண்டு ஸ்விங்கும் தொண்ணூத்தொன்பது. ஆனா கடைசி..." அவள் குரல் தாழ்ந்தது. "ஐம்பத்தெட்டு. தோள் நின்னதும் இடுப்போட நேரம் மாறிடுச்சு, கையோட பாதை மாறிடுச்சு, எல்லாமே மாறிடுச்சு. நாங்க வாங்கினது இது இல்லை."

"அப்ப பயந்த ஸ்விங்கத்தான் வாங்குனீங்களா மேடம்?" என்றாள் ரஷீதா.

"அதாவது, இப்படி அடிச்சா இவ தாராளமா ஆடலாம்," என்றார் தேர்வாளர். தாளில் ஒரு பெயரை எழுதினார். நீளமான பெயர். ஆனால் அது 'கோ' என்று தொடங்கவில்லை என்பது எதிரிலிருந்து தலைகீழாகப் பார்த்த கோகிலவாணிக்கே தெரிந்தது. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் இருந்தது. நான்காவது தடவையும் போயிற்று. இனி ஐந்தாவது இல்லை. செல்லமுத்து சார் அவள் முதுகில் கை வைத்து நின்றார்.

ஷர்மிளா மட்டும் இன்னும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் முகம் மலர்ந்தது. கெட்டவள் இல்லை அவள். நல்ல ஸ்விங்கைப் பார்த்தால் மனம் துள்ளுகிற ஜாதி.

"கோகிலவாணியோட கடைசி ஸ்விங்கும் ஐம்பத்தெட்டுதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொண்ணூத்தொன்பது பொருந்துது! உலகத்துல எங்கேயுமே இப்படி ஒண்ணு பதிவுல இல்லை. இப்பவே பதிஞ்சுடலாம். ஒரு மணி நேரம் சட்டையைப் போட்டுக்கிட்டா போதும்." அவள் ஒரு படிவத்தைத் திறந்தாள். "மூலம் யாருன்னு ஒரே ஒரு பேர்தான் போட முடியும். கோகிலவாணி, முதல்ல அடிச்சது நீங்க. உங்க பேரைப் போடட்டுமா?"

கோகிலவாணி டெல்பினைப் பார்த்தாள். டெல்பின் கோகிலவாணியைப் பார்த்தாள். ரஷீதாவோடு ஐந்து வருடத்தில் பழகிய கண் பேச்சு, இந்தப் பெண்ணோடு அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

"என்ற ஸ்விங்குன்னு யாருங்க மேடம் சொன்னது?" என்றாள் கோகிலவாணி. "அது அக்காவோடது. நான் இரவல்தான் வாங்கினேன்."

"ஐயோ, எனக்கு என்ன தெரியும்?" என்றாள் டெல்பின். "இது இந்தப் பிள்ள சொல்லிக் குடுத்தது. அவட்டயே கேளுங்க."

"அவங்களுதுதானுங்க."

"அவளோடதுதான் மேடம்."

ஷர்மிளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். படிவத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. அது நிரம்பாமல், கையெழுத்துப் போடுகிற அடுத்த பக்கத்துக்குப் போகாது.